பேசினுக்குள் நான்கு குட்டிகள்

மொன்ட்ரியாலுக்கு வந்த புதிதில் எங்களுக்கு வீடு தந்தவர் ஒரு கியூபெக் அம்மா. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை. வேலைக் கடிதம் இருக்கிறதா, பிணை நிற்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே எல்லோரும் கதவைச் சாத்தினார்கள். இந்த அம்மா மட்டும், என் கணவர் ஜான்-டலோன் சந்தையில் பெட்டி இறக்குகிறார் என்று கேட்டதும், "அப்படியானால் இனி எனக்கு நல்ல தக்காளி கிடைக்கும்" என்று சிரித்துவிட்டு வீட்டுத் திறப்புச் சாவியைக் கையில் தந்தார். நாங்கள் அவரை மதாம் என்று அழைத்தோம். அந்தச் சிரிப்புக்காகவே அவர் என்ன கேட்டாலும் செய்யலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். என்ன கேட்கப் போகிறார் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அது மூன்று தட்டு வீடு. கீழே மதாம், நடுவில் நாங்கள், மேலே யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரும் அவருடைய கணவரும். வெளியே இரும்புப் படி வளைந்து ஏறி எங்கள் பல்கனியில் முடியும். மேல் தட்டுக்குப் போகிற கதவும் அந்தப் பல்கனியில்தான் இருந்தது. ஆகவே அக்கா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் முன் ஜன்னலைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும்போது ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். நாற்பது வயது இருக்கும். தையல் தொழிற்சாலையில் வேலை. பிறந்தநாள், பெரியபிள்ளையானவளுக்குச் சாமத்தியச் சடங்கு, பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் என்று எங்கள் ஆட்கள் கூடுகிற எந்த இடத்திலும் அவரைக் காண முடியாது. கோயிலில் சந்தித்த பெண்கள் அவரைப் பெருமைக்காரி என்றார்கள். நானும் ஆம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மட்டக்களப்பிலிருந்து வந்து, தமிழ் கதைக்க ஓர் ஆள் கிடைக்காதா என்று ஜன்னலோடு ஜன்னலாக இருந்த எனக்கு, தலைக்கு மேலே ஒரு தமிழ்ப் பெண் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எரிச்சலாகவே இருந்தது.

மதாம் ஃபெரெட் வளர்த்தார். பிரெஞ்சில் அவர் சொல்வது ஃபுரே. பார்த்தால் கீரி என்றுதான் சொல்வீர்கள். நீண்ட உடம்பு, கட்டைக் கால், திருட்டு முழி. கீரி இல்லை, அது வேறு சாதி என்று மதாம் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டில் அதன் பெயர் கடைசிவரை கீரிதான். மணம் பொல்லாத மணம். கழுவாத காலுறையையும் தேனையும் சேர்த்து வைத்தது போலிருக்கும். பழகிவிட்டால் அந்தத் தேன் மட்டும்தான் மூக்குக்குத் தெரியும் என்று மதாம் சொல்வார். அது பொய்.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஒரு நாள் மழை பெய்து விழுந்த இடத்திலேயே உறைந்தது. இரும்புப் படி கண்ணாடியாகிவிட்டது. எங்களுக்காக அந்த ஐஸ் உருக உப்புத் தூவ வந்த மதாம் கடைசிப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அம்புலன்ஸில் ஏற்றும்போது வலியில் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு தம் வீட்டுத் திறப்பைத் தந்து, உள்ளே தாயும் நான்கு குட்டிகளும் இருக்கின்றன, குட்டிகள் பிறந்து சில வாரங்கள்தான், மேலே கொண்டு போய் வைத்துக்கொள் என்றார். என் பிரெஞ்சு அப்போது போன்ஜூர், மெர்சி, பஸ் எங்கே நிற்கும் என்ற அளவில்தான் இருந்தது. ஆனாலும் அவர் சொன்னது முழுவதும் விளங்கியது. பிள்ளைகுட்டி இல்லாத மனுஷி. அவருக்கென்று வீட்டில் மூச்சு விடுகிற உயிர்கள் அந்த ஐந்தும்தான். நான்கு குட்டிகளையும் உயிரோடு அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிஷமே நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கூட்டைத் தூக்கிக்கொண்டு மேலே வந்த என் கணவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆள் உயரக் கம்பிக்கூடு. உள்ளே மூன்று மாடி, மாடிக்கு மாடி சின்ன ஏணி. பெரிய ஃபெரெட் ஓடி விளையாட அருமையான மாளிகை. குட்டிகளுக்கு அது எவ்வளவு பொல்லாதது என்று எங்களுக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் அவை தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. நான் தாய்க்கு மூக்கு முட்டத் தீனி வைத்தேன். பால் குடிக்கிற பிள்ளைகளை வைத்திருக்கிறவளுக்குக் குறைவைக்கலாமா? பிறகு கண் திறந்தது. கண் திறந்த கையோடு ஏறத் தொடங்கின. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னங்கால்களை உதைத்து உதைத்து, எங்கே போகிறோம் என்ற யோசனையே இல்லாமல் மேலே போயின. ஏறத் தெரிந்த இந்தச் சாதிக்கு இறங்கத் தெரியாது. உயரத்தையும் கண்ணால் கணிக்கத் தெரியாது. கை களைத்ததும் பிடியை விட்டுவிடும், அவ்வளவுதான் அதன் திட்டம்.

நால்வரிலும் சின்னது, சாம்பல் நிறக் குட்டி, அதுதான் பெரிய வீரன். ஒரு காலை நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும்போது பொத்தென்று சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தேன். உச்சியில் இருந்து விழுந்து, நடு மாடி ஏணியின் விளிம்பில் அடிபட்டு, அடித் தட்டில் அசையாமல் கிடந்தது. "இஞ்ச வாங்க, செத்துப் போச்சு!" என்று கத்தினேன். இவர் முகத்தில் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார்.

"மூச்சு இருக்குகா. கத்தாத. தாய் பயப்பிடுது" என்றார், எங்கள் மட்டக்களப்புக் 'கா' போட்டு.

தாய் அதன் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கையில் போட்டு நக்கியது. சிறிது நேரத்தில் குட்டி தலையைத் தூக்கியது. ஒரு பின்னங்காலை மட்டும் சில நாட்கள் இழுத்து இழுத்து நடந்தது. இன்னொரு தரம் விழுந்தால் இது தப்பாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அன்றைக்கு மதாமுக்குத் தொலைபேசி எடுத்தபோது "நான்கும் எப்படி?" என்று கேட்டார். "நான்கும் நல்லம்" என்றேன். ஏதோ சரியில்லை என்று அவர் கண்டுகொண்டார் போலும். "பதிவாக, தரையோடு தாழ்வாக வைத்துக்கொள், மகளே. பதிவாக. சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நகம் பிடிக்க ஒன்றும் இருக்கக் கூடாது" என்று மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

பதிவு, வழுவழுப்பு. கேட்க எவ்வளவு சுலபம்! இவர் உடனே கூட்டிலிருந்த ஏணிகளைக் கழற்றினார். ஏணி இல்லாவிட்டால் என்ன, கம்பி இருக்கிறதே என்று அவை கம்பியிலேயே போயின. அடியில் துவாய்களை மெத்தையாகப் போட்டோம். துவாயின் நூல் வளையத்தில் நகம் சிக்கி ஒரு குட்டி தொங்கிக்கொண்டு அழுதது. நான் அதை விடுவித்தபோது என் விரலையே கடித்து வைத்தது. பிறகு இவர் சந்தையிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவரத் தொடங்கினார். வாழைப்பழப் பெட்டியில் கைபிடிக்க ஓட்டை இருந்தது, நான்கு தலைகளும் அந்த ஓட்டையால் எட்டிப் பார்த்தன. தக்காளிப் பெட்டி மரச் சட்டம் அடித்தது, அது ஏறுவதற்கென்றே செய்த ஏணி. "இது என்ன, ஏறுறதுக்கு நீங்களே படி கட்டிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டேன். மனுஷன் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பெட்டியைப் பற்றிக் கதைக்கவில்லை. எங்கள் குளியல் தொட்டிக்குள் விட்டும் பார்த்தோம். இரும்புத் தொட்டியின் குளிரில் குட்டிகள் வெடவெடத்தன. அதோடு நாங்களும் குளிக்க வேண்டுமே!

அப்போதுதான் எனக்கு ஏணை ஞாபகம் வந்தது. கைக்குழந்தை உருண்டு விழாமல் இருக்க எங்கள் ஊரில் என்ன செய்வோம்? சேலையை வளையமாகக் கட்டித் தொங்கவிட்டு அதற்குள் போடுவோம். முன் அறையில், முன்பு குடியிருந்தவர்கள் பூச்சட்டி தொங்கவிட்ட பெரிய கொளுக்கி ஒன்று கூரையில் இருந்தது. உடுத்துத் துவைத்து மெதுமெதுவென்றாகியிருந்த பச்சைப் பருத்திச் சேலையை அதில் கட்டினேன். தரைக்கு ஒரு சாண் மேலே தொங்குமாறு தாழ்த்தி, கீழே தலையணையும் போட்டேன். கூட்டைச் சரிசெய்கிற வரைக்கும் பகலில் குட்டிகள் அதற்குள் நித்திரை கொள்ளட்டும் என்பதுதான் யோசனை. உள்ளே விட்டதும் நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, பொட்டலம் போலச் சுருண்டு உறங்கிவிட்டன. நான் மெதுவாக ஆட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் தாலாட்டும் பாடினேன். இவர் வேலையால் வந்து இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டிக் கோபம் அதோடு முடிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. இவர் வேலைக்குப் போய்விட்டார். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு இடிபட்டது. தட்டுகிற சத்தமில்லை, உடைக்கிற சத்தம். திறந்தால் மேல் வீட்டு அக்கா. கையில் கடைப் பை, மூச்சு வாங்கியது. "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"ஆர் உமக்கு இதைக் கட்டச் சொன்னது?"

"எதையக்கா?"

"ஏணையை! ஜன்னலால கண்டனான். பிள்ளை பிறக்க முன்னம் ஏணை கட்டிறதே? உமக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே? கழட்டும். இப்பவே கழட்டும்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்யாணமாகிப் புதிதாக வந்த பெண், வீட்டில் பிள்ளை இல்லை, ஏணை தொங்குகிறது. அவர் கணக்குப் போட்டுவிட்டார். எங்கள் ஆட்களில் பிள்ளை பிறக்கு முன் அதற்கென்று ஒரு சட்டை கூட வாங்க மாட்டோம். ஏணை கட்டுவதெல்லாம் பெரிய துணிச்சல்.

"அக்கா, எனக்கு வயித்தில ஒண்டுமில்ல..."

"ஒளிக்காதையும் பிள்ளை. நான் ஆருக்கும் சொல்ல மாட்டன். கழட்டும் முதல்!"

சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஏணையின் முடிச்சில் கை வைத்தார். நான் பார்த்த காட்சியை அவர் பார்க்கவில்லை. சின்னச் சாம்பல் குட்டி சேலையின் வெளிப்பக்கமாக மடிப்பைப் பிடித்துக்கொண்டு மேலே, மேலே, முடிச்சை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. "அக்கா, ஆட்டாதீங்க!" என்று நான் கத்தவும், அவர் முடிச்சை இழுக்கவும், குட்டி பிடியை விடவும் சரியாக இருந்தது.

அவர் பிடித்துவிட்டார். எப்படிப் பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. மேலிருந்து ஏதோ விழுகிறது என்றதும் இரண்டு கையும் தாமாக ஏந்தின. உள்ளங்கைகளுக்குள் அது சுருண்டு கிடந்து அவரை அண்ணாந்து பார்த்தது.

"ஐயோ, கீரி!"

ஆனால் கையை விடவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அருவருத்து, முகத்தைச் சுளித்து, கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. அப்படியே நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மிச்ச மூன்றும் ஏணைக்குள்ளிருந்து மூக்கை நீட்டின. நான் ஒரே மூச்சில் மதாமின் இடுப்பிலிருந்து தக்காளிப் பெட்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்து, சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை.

வெங்காயக் கையோடு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குட்டியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்.

"வந்த முதல் வருசம் எனக்கு ஏழாம் மாசம். கடையில மலிவெண்டு போட்டிருந்தாங்கள். சட்டை, தொப்பி, குளிப்பாட்ட ஒரு பேசின் எல்லாம் வாங்கி அடுக்கி வைச்சனான். எனக்கு அவ்வளவு ஆசை. பேந்து ஆசுப்பத்திரியால வெறுங்கையோட வந்தன். 'முந்திச் சாமான் வாங்கினவள், அதுதான்' எண்டு சனம் கதைச்சது. அதுக்குப் பிறகு ஒண்டும் தங்கேல்ல."

"அதால இல்ல அக்கா."

"அதாலதான் எண்டு நான் நம்பேல்ல. நம்பாமலும் இருக்கேலாது, பிள்ளை. இண்டைக்கு உம்மட ஏணையைக் கண்ட உடன எனக்கு உயிர் போயிட்டுது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வயிற்றில் பிள்ளையை இழந்துவிட்டு வந்தவளிடம் பேசின் வாங்கியதற்குக் கணக்குக் கேட்ட சனத்தின் மேலும், பெருமைக்காரி என்று சொன்ன வாய்களின் மேலும், அதைக் கேட்டுத் தலையாட்டிய என் மேலும் வந்த கோபம். பிள்ளையில்லாதவள் வந்தால் பிறந்தநாள் வீட்டில் சிலர் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாதா? அவர் போகாமல் இருந்ததில் என்ன பெருமை கிடந்தது? நான் அவருடைய தோளில் தலையை வைத்துக்கொண்டேன். முதல் தரம் கதைத்த ஆளிடம் அப்படிச் செய்யக் கூடாதுதான். அன்றைக்கு அது தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை பல்கனியில் ஏதோ இடிபட்டது. அக்கா ஒரு பெரிய மஞ்சள் பேசினைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றார். கனடாக் கடைகளில் குழந்தைக்கு விற்கிற தட்டைத் தொட்டி இல்லை. நல்ல அகலம், முழங்காலளவு ஆழம், பக்கமெல்லாம் கோப்பை போல வழுவழு. கடை ஒட்டியிருந்த தாள்கூட அப்படியே இருந்தது.

"நகம் பிடிக்க ஒண்டும் இருக்கக் கூடாது எண்டுதானே உம்மட மதாம் சொன்னவ? இதைப் பாரும்."

எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை.

"அக்கா, இதுக்குள்ள போய்க் கீரிய விடுறதா?"

"வேற என்ன செய்யிறது? இத்தினை வருசம் அலுமாரிக்குப் பின்னால கிடந்தது. எறியவும் மனமில்லை, பாக்கவும் ஏலாது. அதுகள் விழுந்து சாகிறதிலும் பாக்க இதுக்க கிடக்கட்டும். பிடியும், கை நோகுது."

பேசினை முன் அறையில், சுவரோரமாக வைத்தோம். அடியில் என்னுடைய பச்சைச் சேலையை மடித்துப் போட்டோம். துவாய் போல நகம் சிக்காது, குளிராது. குட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினோம். சாம்பல் குட்டி உடனே சுவரில் கை வைத்தது. சறுக்கியது. மறுபக்கம் போய் வைத்தது. அங்கேயும் சறுக்கியது. பின்னால் உட்கார்ந்து யோசித்தது. அந்த முகத்தைப் பார்த்து அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். தாய் மட்டும் எட்டி விளிம்பில் கை போட்டு ஒரே பாய்ச்சலில் வெளியே வந்தது, சோபாவுக்குக் கீழே போய்க் கையைக் காலை நீட்டிப் படுத்தது. பசி வந்து குட்டிகள் கத்தினால் திரும்பவும் உள்ளே குதிக்கும். அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்தானே என்றார் அக்கா. அத்தனை நாளும் அந்தக் கம்பிக்கூட்டில் தாய்க்கு ஓய்வே இல்லாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு அக்கா வேலையால் வரும்போது நேரே மேலே போவதில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பேசினுக்குப் பக்கத்தில் வந்து குந்திவிடுவார். நான் தேத்தண்ணி கொடுப்பேன். "மறுகா குடிக்கலாம், முதல்ல இந்தச் சாம்பலனைப் பாருங்க" என்று நான் சொன்னால், "அதென்ன மறுகா, பேந்து எண்டு சொல்லும்" என்று என்னைச் சீண்டுவார். இரண்டுக்கும் அர்த்தம் பிறகு என்பதுதான். மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் அந்தப் பேசினைச் சுற்றியிருந்து நிறையச் சண்டை பிடித்தன. மணத்தைப் பற்றி மட்டும் ஒவ்வொரு நாளும் குறை சொல்வார். குளித்துவிட்டு வந்து அதே கையால் திரும்பவும் தூக்குவார்.

குட்டிகள் வளர வளரச் சாம்பலனுக்கு மூளையும் வளர்ந்தது. மற்ற மூன்றும் குவிந்து உறங்கும்போது அவற்றின் முதுகில் ஏறி நின்று விளிம்பைப் பிடிக்கக் கண்டுபிடித்தான். ஒரு மாலை அவன் அப்படித் தொங்கியபோது நான் பாய்ந்து தூக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏறட்டும் விடும். ஏறாம எப்படிப் பழகிறது? நான் கையைக் கீழ வைச்சிருக்கிறன்தானே."

உண்மையிலேயே வைத்திருந்தார். அவனுக்குப் படாமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு, உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தார். அவன் தொங்கினான், உதைத்தான், விழுந்தான். விழுந்த இடம் அக்காவின் கை. திரும்பவும் ஏறினான். வேலையால் களைத்து வந்த மனுஷி, தேத்தண்ணி ஆறிப் போகிற வரைக்கும் அப்படியே இருந்தார். அந்த நேரத்தில் அவரைப் போல ஒரு வடிவான ஆளை நான் கண்டதில்லை.

பேசின் கொள்ளாத அளவுக்கு அவை வளர்வதற்குள் இவரும் கூட்டை ஒருவாறு ஒழுங்குபடுத்திவிட்டார். மேல் மாடிகளை அடைத்து, அடித் தட்டை மட்டும் விட்டு, கம்பியைச் சுற்றி உட்பக்கமாக வழுவழுப்பான பிளாஸ்டிக் தகடு கட்டினார். சந்தையில் பெயர்ப்பலகை எழுதுகிற தகடு. ஒரு பக்கத்தில் ஸ்ட்ராபெரி படம் கூட இருந்தது. குட்டிகள் ஸ்ட்ராபெரியை நக்கிப் பார்த்தன, ஏறவில்லை.

மதாம் கோடையில்தான் வீட்டுக்கு வந்தார். நடை வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து கதிரையில் உட்கார்ந்ததும், "எங்கே?" என்றார். மடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். நான்காவதாகச் சாம்பலனை வைத்தபோது என் கண் கலங்கிவிட்டது. மதாம் எண்ணிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். என் நெஞ்சிலிருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. சாம்பலனை உனக்குத் தரட்டுமா என்று பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டார். "ஐயோ, அந்த மணத்தோட ஆர் இருக்கிறது" என்று அக்கா தமிழிலேயே மறுத்துவிட்டார். மதாம் அவனைத் தாமே வைத்துக்கொண்டார். அதன் பிறகு மதாமுக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டுமா என்று கேட்க அக்கா ஒவ்வொரு நாளும் கீழே போனார். மதாமுக்கு அப்படி ஒவ்வொரு நாளும் ஒன்றும் தேவைப்படவில்லை.

அடுத்த ஆண்டு எனக்கு உண்மையாகவே வயிற்றில் பிள்ளை தங்கியது. முதலில் அக்காவிடம்தான் சொன்னேன். கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தார். ஆனால் வயிறு தெரியத் தொடங்கியதும் அவருடைய வரவு குறைந்தது. ஏழாம் மாதத்தில் அடியோடு நின்றுவிட்டது. ஜன்னலைக் கடக்கும்போது முந்திய மாதிரி ஒரு சிரிப்பு, அதுவும் தலையைக் குனிந்துகொண்டு. கதவைத் திறந்து கூப்பிட்டால், "வேலைக்கு நேரமாச்சு, பேந்து வாறன்" என்பார். அவருடைய கண் பட்டு எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவரே பயந்தார் என்பது எனக்கு விளங்கியது. அது என்னை எவ்வளவு வருத்தியது என்று சொல்லத் தெரியவில்லை. மேலே அவர் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அழுதிருக்கிறேன்.

மகள் பிறந்து வீட்டுக்கு வந்தோம். கோயில் பெண்கள் தொலைபேசியில் விசாரித்தார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரிந்த ஓர் அம்மா இருக்கிறார், நான்கு பிள்ளை பெற்ற கைராசிக்காரி, அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அக்காவைக் கூட்டி வர இவரை மேலே அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வர மாட்டாவாம்கா. வேற ஆரையும் கூப்பிடட்டாம். தன்ர கை சரியில்லையாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தையல் போட்ட வலியும் மறந்துவிட்டது. எங்கள் அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்த மஞ்சள் பேசினை எடுக்கச் சொன்னேன். கொதிநீர் விட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னேன். இளஞ்சூட்டில் தண்ணீர் வார்க்கச் சொன்னேன். பிறகு தொலைபேசியை எடுத்தேன்.

"அக்கா, பேசினுக்குத் தண்ணி வாத்தாச்சு. எனக்குப் பிள்ளையக் குளிப்பாட்டத் தெரியா. இவரையும் நம்பேலா, உங்களுக்குத் தெரியும்தானே, தக்காளிப் பெட்டிக்குள்ள குட்டிய விட்ட ஆள். தண்ணி ஆறுது."

நான் தொலைபேசியை வைக்கு முன்னமே மேலே கதவு திறந்து, படிகளில் தடதடவென்று காலடி இறங்கியது.

வந்தவர் நேரே குழாயடிக்குப் போனார். கையை முழங்கை வரைக்கும் கழுவினார். தண்ணீரில் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். பேசினின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக நகக் கீறல்கள், கடைத்தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடம். அதைப் பெருவிரலால் ஒரு தரம் தேய்த்துப் பார்த்தார். நான் மகளை நீட்டினேன். வாங்கித் தண்ணீருக்கு மேலே பிடித்தவர், இறக்காமல் அப்படியே நின்றார்.

"விழுந்திடுமோ பிள்ளை? எனக்குக் கை நடுங்குது."

"விழாது அக்கா" என்றேன். "நீங்க கையைக் கீழ வைச்சிருக்கிறீங்கதானே."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மகளை மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். தண்ணீர் பட்டதும் அவள் காலை உதைத்து, பேசினின் சுவரில் பாதத்தை வைத்து உந்தினாள்.

"பாரும், இவளும் ஏறப் பாக்கிறாள்" என்று அக்கா சிரித்தார். ஒரு கையால் தண்ணீரை அள்ளி அவள் வயிற்றில் வார்த்தார். மற்றக் கை அவள் முதுகுக்குக் கீழே விரிந்து கிடந்தது.